கூட வந்தவங்க யாரு?

இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு வாங்கும் ஒரு பெண் அந்த இயந்திரத்தின் கீழ் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். மேசையில் ஏற்றிப் படுக்க வைத்து, தோலில் வரைந்த கோட்டின் மேல் ஒளியைப் பொருத்தி, வேலை முடிந்து இறக்கி விடுவது வரை எல்லாம் சேர்த்தும் கால் மணி நேரம் ஆகாது. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம், மொத்தம் 25 தடவை. கூட்டிப் பார்த்தால் அவள் அந்த அறைக்குள் இருக்கும் நேரம் ஐந்து மணியோ ஆறு மணியோ வரும். மற்ற நேரமெல்லாம் அவள் இன்னொருவர் பொறுப்பில் இருக்கிறாள். மருத்துவமனைப் படிவத்தில் அந்த இன்னொருவருக்கு நான்கு கட்டங்கள் உண்டு: பெயர், நோயாளிக்கு என்ன உறவு, செல் நம்பர், கையெழுத்து. அவர் ராத்திரி எங்கே படுக்கிறார், என்ன வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார், அவர் வீட்டில் இப்போது யார் உலை வைக்கிறார்கள் என்று கேட்க ஐந்தாவது கட்டம் கிடையாது.

அம்மாவுக்கு வந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. துணியைத் தனியாக அலசி, கொல்லையில் யார் கண்ணிலும் படாத இடத்தில் காயப்போட்டிருக்கிறாள். அண்ணிதான் அதைப் பார்த்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா யாரு கூட்டிட்டுப் போவா? எல்லாருக்கும் சோலி கெடக்கு" என்றாள். பெண்கள் இந்த நோயை மறைப்பதற்கு வெட்கம்தான் காரணம் என்று பொதுவாக எழுதுவார்கள். வெட்கமும் இருந்தது. ஆனால் அவள் வாயில் முதலில் வந்த காரணம், துணைக்கு ஆள் இல்லை என்பது.

ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் குணமாக்கிவிடக்கூடிய நோய் இது. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, வெளிறும் இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே சோதித்தார்கள். ஒரே ஒரு தடவை செய்த அந்தச் சோதனை, இந்தப் புற்றால் வரும் சாவை 35 சதவீதம் குறைத்ததாக 2007-இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. எங்கோ வெளிநாட்டில் கண்டதல்ல, நம் ஊர்ச் செவிலியர்களின் கையால் நிரூபித்தது. அரசு மருத்துவமனைகளில் அந்தச் சோதனைக்குக் காசு கிடையாது. போக வேண்டியவளின் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒருத்தி வேண்டும்.

எங்கே வைத்துப் பார்ப்பது என்று வீட்டில் பேச்சு வந்தபோது திருநெல்வேலி, மதுரை, சென்னை என்று மூன்று ஊர் அடிபட்டது. மதுரையில் பாலரெங்காபுரத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, ஊரிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். சென்னையில் நான் இருந்தேன். எந்த ஊர் டாக்டர் கைராசிக்காரர், எங்கே மெஷின் புதுசு என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரை பேசாமல் இருந்த மாமா ஒருவர் கேட்டார்: "மொத்தத்துல ரெண்டு மாசம் ஆகும்ங்காவ. ஒரு பொம்பளப் பிள்ள கூடவே நிக்கணும். எந்த ஊர்ல நிக்கும்?" அத்தோடு பேச்சு முடிந்தது. சென்னை என்று முடிவானது. மெஷினைப் பற்றியோ டாக்டரைப் பற்றியோ அதற்கு மேல் யாரும் பேசவில்லை. இன்று யோசித்தாலும் அன்று கேட்கப்பட்டவற்றில் அதுதான் மருத்துவக் கேள்வி என்று தோன்றுகிறது.

பொதிகை எக்ஸ்பிரஸில் அழைத்து வந்தோம். ரயிலில், சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்கு சிலீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் இல்லை. கூட வருபவர் கால்வாசி கொடுத்தால் போதும். அதற்கான படிவத்தில் மருத்துவமனை கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நோயாளி தனியாக வர மாட்டார், கூட ஒருவர் வந்தே தீருவார் என்று அரசாங்கம் நினைத்துப் பார்த்த மிகச் சில இடங்களில் இது ஒன்று.

கட்டி அறுவைக்கு எட்டாத அளவு பரவியிருந்தால், இந்தப் புற்றுக்கு உலகம் முழுக்கத் தரும் சிகிச்சை ஏறக்குறைய ஒன்றேதான். வெளியிலிருந்து கதிர், அதோடு வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின், பிறகு கருப்பைக்குள் கருவி வைத்துத் தரும் உள் கதிர். கதிரோடு மருந்தையும் சேர்த்துத் தந்தால் பிழைப்பவர்கள் கூடுகிறார்கள் என்று 1999-இல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் உலக டாக்டர்களுக்கு அறிவித்தது முதல் இதுவே நடைமுறை. இதில் நோயாளிகளுக்கு அதிகம் சொல்லப்படாத ஒரு விஷயம், நாள் கணக்கு. முதல் கதிரிலிருந்து கடைசி உள் கதிர் வரை எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். இடையில் விட்டுவிட்டு வந்தால், அடி வாங்கிய கட்டியின் செல்கள் அந்த இடைவெளியில் முன்னைவிட வேகமாகப் பெருகுகின்றன. எட்டு வாரம் தாண்டித் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் கட்டி அடங்கும் வாய்ப்பில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது.

அந்த நாட்கள் எப்படித் தவறுகின்றன என்பதை வரிசையில் உட்கார்ந்திருந்தால் காதால் கேட்கலாம். ஊரில் அம்மன் கொடை, மூன்று நாள் போய்விட்டு வந்தார்கள். பேத்திக்குச் சடங்கு. கூட இருந்த மகளுக்கு மாமியார் வீட்டிலிருந்து போன் வந்து கிளம்பிவிட்டாள். வாடகைக்கு எடுத்த அறையைக் காலி செய்யச் சொன்னதில் ஒரு வாரம் போய்விட்டது. கிராமத்தில் நெல் அறுப்பு, வேறு ஆள் இல்லை. மெஷின் பழுதாகித் தவறிய நாளும் உண்டு, ரத்த அணுக்கள் குறைந்து டாக்டரே நிறுத்தி வைத்த நாளும் உண்டு. ஆனால் நான் கேட்டவற்றில் பெரும்பாலானவை துணை இல்லாமல் போன நாட்கள்தான். மருந்தின் அளவை மில்லிகிராம் சுத்தமாக எழுதுகிறோம். அந்த அளவு உடம்புக்குள் போய்ச் சேர்வது அழைத்து வருபவரின் கையில் இருக்கிறது. அப்படியானால் அவரும் அந்த மருந்துச் சீட்டில் எழுதப்பட வேண்டியவர். நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கான சாட்சியம்.

கரண்ட் வைக்கும், அதாவது கதிர் தரும், அறைக்கு வெளியே பெண்கள் வரிசையில் எல்லார் மடியிலும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் அது குடலை மேலே தள்ளி, கதிர் விழும் இடத்திலிருந்து கொஞ்சமாவது காப்பாற்றும். அதனால் முதலில் போய்விட்டு வர வேண்டும். பிறகு அரை லிட்டர் குடித்துவிட்டு, அரை மணி முக்கால் மணி அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். பிள்ளைகள் பெற்று, வயதும் ஆகி, உள்ளே கட்டியும் இருக்கிற உடம்பு எவ்வளவு நேரம் அடக்கும்? நடுவில் ஸ்டிரெச்சரில் ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டால் கணக்கெல்லாம் தவறிவிடும். ஓடிப்போய்விட்டு வந்து, மறுபடி குடித்து, மறுபடி காத்திருக்க வேண்டும். சிலர் முடியாமல் நைட்டி நனைய அப்படியே எழுந்து நிற்பார்கள், பக்கத்தில் இருப்பவள் ஒன்றும் நடக்காததுபோலத் தன் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிவிடுவாள். கூட வந்தவளின் வேலை இங்கே மணி பார்ப்பது. டோக்கன் எத்தனை ஓடுகிறது என்று எட்டிப் பார்த்து வந்து, "இன்னும் எட்டுப் பேர் இருக்காங்கம்மா, இப்போ குடிக்காதே" என்றோ, "இப்போ ஆரம்பி" என்றோ சொல்வது. சொல்லிக்கொள்கிற மாதிரி பெரிய வேலை இல்லை. ஆனால் ஐந்து வாரம் கழித்து அவள் குடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதில் இந்த மணி பார்த்தலுக்கும் பங்கு உண்டு.

விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்காவுக்குக் கூட வந்தவர் அவர் கணவர். பெண்கள் வரிசைக்குள் ஆண்களை விட மாட்டார்கள். அவர் வெளியே வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். அந்த அக்காவுக்கும் சேர்த்து நான் மணி பார்த்தேன். எனக்கு ஆபீஸில் லீவு கிடைக்காத நாட்களில் அம்மாவை வரிசையில் உட்கார வைத்துவிட்டு ஓடுவேன், அப்போது அந்த அக்கா அம்மாவுக்கு மணி பார்த்தாள். அவளுக்கும் அதே நோய், அதே மருந்து, அதே வயிற்றுப்போக்கு. "நீங்க போங்க, பெரியம்மாவ நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லும்போது அவள் உதடு காய்ந்து வெடித்திருக்கும். அவளுக்கு நான் பட்ட கடன் இந்தக் கட்டுரையால் தீராது.

மூன்றாவது வாரத்தில் வயிறு போகத் தொடங்கும். அதுவரை "சத்தா சாப்பிடணும்" என்று கீரையும் பயறும் கொண்டுவந்த சொந்தக்காரர்களை நிறுத்தச் சொல்ல வேண்டும். பாலை விட்டு மோருக்கு மாற வேண்டும். மோர்ச் சாதம், ஜவ்வரிசிக் கஞ்சி, வேகவைத்த உருளைக்கிழங்கு என்று நாக்குக்கு ஒன்றும் இல்லாத சாப்பாடு. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து. அதனால் மருந்துக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவார்கள். ஒவ்வொரு வாரமும் ஏற்றுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்து கிரியாட்டினினும் வெள்ளை அணுவும் பார்ப்பார்கள். ரிப்போர்ட் நேரத்துக்கு வராவிட்டால் அன்றைய மருந்து தள்ளிப்போகும். ஹீமோகுளோபின் இறங்கிவிட்டால் ரத்தம் ஏற்ற வேண்டும், அதற்கு ஈடாக ரத்தம் கொடுக்க ஆள் கேட்பார்கள். இத்தனைக்கும் ஓடுகிற கால் ஒரு ஜோடி. டாக்டரோ நர்ஸோ இதையெல்லாம் செய்ய முடியாது என்பது நியாயம்தான். ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில் என்று அங்கே போய் எண்ணியவர்களுக்குத் தெரியும். நம் பெரிய மருத்துவமனைகள் கூட வந்தவர்களின் கூலியில்லா உழைப்பின் மேல்தான் நிற்கின்றன. அவர்களுக்கு உட்கார ஒரு ஸ்டூலாவது போட வேண்டும்.

தமிழ்நாட்டில் புற்றுநோய் வைத்தியத்தின் வரலாறே கூட இருந்து பார்த்த ஒருத்தியிடமிருந்துதான் தொடங்குகிறது. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் மலக்குடல் புற்றால் இறந்துபோனார். டாக்டரான அக்கா பக்கத்திலிருந்தும் செய்வதற்கு அன்று ஒன்றும் இருக்கவில்லை. அந்தச் சாவைப் பார்த்த மனம்தான் முப்பது வருடம் விடாமல் மனுக் கொடுத்து, நன்கொடை கேட்டு, எதிர்த்தவர்களோடு வாதாடி, 1952-இல் நேருவை அடிக்கல் நாட்ட வைத்து, 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனையைத் திறக்க வைத்தது. மகன் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். மறு வருடம் வந்து சேர்ந்த சாந்தா 2021-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். முத்துலட்சுமியைச் சட்டமன்றத்தின் முதல் பெண்ணாக, தேவதாசி முறையை எதிர்த்தவராகப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். எனக்கு அவர், சாகப்போகும் தங்கையின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அக்கா. பார்த்ததை மறக்காமல் வைத்திருந்த ஓர் அக்கா எதைக் கட்ட முடியும் என்பதற்கு அடையாறே போதும்.

கூட இருப்பவர் என்றால் பெண் என்று நம் வீடுகளில் முன்பே எழுதியாகிவிட்டது. மகள் இருந்தால் மகள், இல்லாவிட்டால் மருமகள், அதுவும் இல்லாவிட்டால் கல்யாணம் ஆகாத தங்கை. மகன் பணம் கட்டுவான், கையெழுத்துப் போடுவான், டாக்டரிடம் பேசுவான். அண்ணனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அம்மாவின் உடம்பில் வந்த நோய் அப்படி, அவள் அவனை அறைக்குள்ளேயே விடவில்லை. அப்பாவுக்கு வந்திருந்தால் அவன் கழுவிவிட்டிருப்பான் என்று நம்புகிறேன். அதே சமயம், அண்ணி தன் தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு வந்தபோது, மாதம் அவள் சம்பாதித்துக்கொண்டிருந்த பணம் நின்றுபோனதை யாரும் செலவுக் கணக்கில் எழுதவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கதிருக்கு இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதியிருந்த அண்ணன், நான் சொன்ன பிறகு அதையும் ஒரு வரியாகச் சேர்த்தான். அந்த வரியைப் பார்த்து அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை வாங்கி இரண்டு தடவை வாசித்தாள்.

யார் எந்த வாரம், யார் ராத்திரி, யார் பகல் என்று பிரித்துக்கொண்ட அன்று அம்மாவையும் நடுவில் உட்கார வைத்துக்கொண்டோம். பெரியவர்களை வைத்துக்கொண்டு இதைப் பேசக்கூடாது, மனசு நொந்துவிடும் என்பார்கள். அம்மாவுக்கு நோகவில்லை. தன்னைப் பற்றித் தன்னிடம் கேட்கிறார்களே என்று கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தாள். மற்றதற்கெல்லாம் சரி என்றவள் ஒன்றுக்கு மட்டும் மாற்றுச் சொன்னாள். என்னைக் குளிப்பாட்ட மருமகள் வரட்டும், மகள் வேண்டாம் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பெற்ற பெண் நான் இருக்கும்போது ஏன் என்று கேட்டேன். "ஏ பிள்ள, நீ என் ஒடம்பப் பாத்தா அழுவ. அவ அழ மாட்டா. எனக்குக் குளிக்கணும், ஒன்னத் தேத்திக்கிட்டு நிக்க முடியாது" என்றாள். கேட்டிராவிட்டால் இது எங்களுக்குத் தெரிந்திருக்கவே செய்யாது. பிள்ளைகள் தங்கள் அன்புக்கு எது சௌகரியமோ அதைச் செய்துவிடுகிறோம். நோயாளிக்கு எது சௌகரியம் என்பதை நோயாளிதான் சொல்ல முடியும்.

அண்ணி ஊருக்குப் போக வேண்டியிருந்த நாட்களில் ஏஜென்சி மூலம் ஓர் அம்மாவை வைத்துக்கொண்டோம். ஹோம் நர்ஸ் என்று பெயர். நர்ஸிங் படித்தவர் இல்லை, திருவண்ணாமலைப் பக்கத்தில் நிலமில்லாத வீட்டிலிருந்து வந்தவர். பன்னிரண்டு மணி நேர வேலை, நாங்கள் கொடுத்ததில் ஒரு பகுதி ஏஜென்சிக்கு. தோலில் வரைந்த கோட்டில் சோப்புப் படக்கூடாது என்பதை ஒரு தடவை சொன்னது போதும், கடைசி வரை அவர் மறக்கவில்லை. அவருடைய மாமியார் ஊரில் பக்கவாதத்தில் கிடந்தார், அவரைப் பார்த்துக்கொண்டது பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பெண் பிள்ளை. நகரத்தில் ஒரு தாய்க்குத் துணை வாங்கும்போது, கிராமத்தில் ஒரு கிழவிக்குத் துணை குறைகிறது, ஒரு சிறுமிக்குப் படிப்பு போகிறது. இந்தத் தொழிலுக்கு முறையான பயிற்சியும் அதற்கேற்ற கூலியும் விடுமுறையும் வேண்டும் என்று நாம் உரக்கக் கேட்க வேண்டும். இன்று லட்சக்கணக்கான வீடுகள் அவர்களை நம்பியிருக்கின்றன என்று புள்ளிவிவரம் தேடி எழுத வேண்டியதில்லை. உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிப்டில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இல்லாவிட்டால் எங்கள் வரிசையில் பாதிப் பேர் வந்திருக்கவே மாட்டார்கள். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் இன்றைய பெயரில் மாறி, இப்போது குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை தருகிறது. கதிருக்கும் மருந்துக்கும் அறுவைக்கும் அதில் இடம் இருக்கிறது. அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் கூட இருப்பவர் தங்கும் அறையின் வாடகைக்கு, அவர் இழக்கும் கூலிக்கு, மெஸ் சாப்பாட்டுக்கு அதில் தலைப்பு இல்லை. சென்னையில் இரண்டு மாதம் ஓர் அறை எடுத்துத் தங்க, ஆட்டை விற்றவர்களையும் கம்மலை அடகு வைத்தவர்களையும் பார்த்தேன். வைத்தியம் இலவசமாகக் கிடைத்தவர்கள் கடனோடு ஊர் திரும்பினார்கள்.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. காசநோயாளியின் வங்கிக் கணக்கில் சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாய் போடும் திட்டத்தை 2018-இல் மத்திய அரசு தொடங்கியது, பிறகு அதை 1000 ஆக்கியது. மருந்தோடு சோறும் சேர்ந்துதான் சிகிச்சை என்று அந்த நோய்க்கு ஒப்புக்கொண்டாகிவிட்டது. கேரளத்தில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டம் இருக்கிறது, அதில் புற்றுநோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களும் உண்டு. 600 ரூபாயில் ஒன்றும் ஆகாது. ஆனால் நோயாளியின் பெயரில் இல்லாமல், பார்த்துக்கொள்பவரின் உழைப்புக்கென்று அரசு ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறது. தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டையில் அப்படி ஒரு வரி சேர்ந்தால், கதிர்ச் சிகிச்சையை நடுவில் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை குறையும். பெரிய மருத்துவமனைகள் பக்கத்தில் வெளியூர்க்காரர்கள் தங்க விடுதிகள் இன்னும் பல மடங்கு வேண்டும். புதிய மெஷின் திறப்பு விழாவுக்கு அமைச்சர்கள் வருகிறார்கள். அந்த மெஷினுக்குத் தினமும் வந்துபோக வேண்டியவர்கள் தங்கும் இடத்தையும் அதே விழாவில் திறக்கலாமே.

அம்மா சிகிச்சையை ஒரு நாள் தவறாமல் முடித்தாள். நன்றாகத்தான் இருந்தாள். பிறகு நோய் திரும்பியது, இடுப்பெலும்பில். மறுபடி மருந்து ஏற்றலாம், ஆனால் தீராது, நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று டாக்டர் அண்ணனைத் தனியே அழைத்துச் சொன்னார். கார் நிறுத்தும் இடத்தில் நின்று நாங்கள் மூவரும் பேசிக்கொண்டிருந்தோம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்று. உள்ளே போனபோது அவளே கேட்டாள்: "சீக்கு எனக்குல்லா வந்திருக்கு. எங்கிட்டச் சொல்லாம எங்க நின்னு பேசுதிய?" சொன்னோம். வெகுநேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து வேண்டாம், ஊருக்குக் கூட்டிப்போங்கள், ஆனால் வலி மட்டும் இருக்கக்கூடாது என்றாள். தெளிவான மூன்று வாக்கியம். எந்தக் குடும்பக் கூட்டத்திலும் நாங்கள் இவ்வளவு சுருக்கமாக ஒரு முடிவுக்கு வந்ததில்லை.

வலி இருக்கக்கூடாது என்பது நம் நாட்டில் எவ்வளவு பெரிய கோரிக்கை என்று அப்போதுதான் புரிந்தது. புற்று எலும்புக்குப் போனால் வரும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை போல் கேட்கும் மருந்து வேறில்லை, விலையும் அதிகமில்லை. அபின் செடியை அரசின் உரிமத்தோடு பயிரிடும் நாடு இது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் அபின் ஆலைகளே இருக்கின்றன. ஆனாலும் 1985-இன் போதைப்பொருள் சட்டம் வந்தபின் பல உரிமங்கள் கேட்கப்பட்டதால், மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள். அதற்குப் பிறகும் எங்கள் ஊரைச் சுற்றி எங்கும் கிடைக்காமல், அண்ணன் பைக்கில் வெகுதூரம் போய் வாங்கி வந்தான். அம்மாவின் உடம்பைத் தொட முடியாதிருந்த மகன், அந்த மாத்திரையை ஒரு வேளைகூடத் தீர்ந்துபோக விடாமல் பார்த்துக்கொண்டான்.

மார்ஃபினும் கூட இருப்பவரின் மருந்துதான். வலி வந்த பிறகு கொடுப்பதில் பயன் குறைவு. நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்று கடிகாரம் பார்த்துக் கொடுத்தால்தான் வலி தலை தூக்காது. கூடவே மலச்சிக்கலுக்கும் முதல் நாளிலிருந்தே மருந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அவதி தனி. "போதை மருந்தாமே, பழகிரும்லா" என்று கேட்டு வந்த அத்தையிடம் அண்ணி சொன்னாள்: "பழகட்டும் சித்தி, அவுக தூங்குதாவ." வலிக்காகக் கொடுக்கும்போது அடிமையாவது அபூர்வம் என்பதை டாக்டர் எங்களுக்கு விளக்கியிருந்தார். அண்ணியின் பதிலுக்கு மேல் அத்தைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் அவர் நண்பர்களும் தொடங்கிய சிறு வலிநிவாரண அமைப்பு, ஊர்க்காரர்களே தொண்டர்களாகச் சேர்ந்து வளர்த்த பெரிய வலையாகி, 2008-இல் அந்த மாநில அரசின் கொள்கையானது. பஞ்சாயத்துச் செவிலியர் வீடு தேடி வருகிறார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுவருவதாகச் சொன்னது. எங்கள் வீட்டுக்கும் ஒரு செவிலியர் வந்தார். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தடவை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று அண்ணிக்கும் எனக்கும் காட்டிக் கொடுத்தார். போகும்போது அம்மாவிடம் விடைபெற்றுவிட்டு, வாசலில் நின்று அண்ணியைப் பார்த்து, "நீங்க ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?" என்று கேட்டார். அத்தனை மாதங்களில், அத்தனை டாக்டர்களில், அண்ணியைப் பற்றி அண்ணியிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. அண்ணி பதில் சொல்ல முடியாமல் உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு ராத்திரியை நாங்கள் மாற்றிப் பிரித்துக்கொண்டோம்.

அம்மா ஊரில், தன் கட்டிலில், வலி இல்லாமல் இறந்தாள். கேட்டது மூன்று, மூன்றும் கிடைத்தது. எத்தனையோ பேருக்குக் கிடைக்காதது இது என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் தெருவிலோ ஆபீஸிலோ யார் வீட்டிலாவது இப்போது இந்த வைத்தியம் நடந்துகொண்டிருக்கும். நோயாளியைப் பார்க்க ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போவது நம் வழக்கம், போங்கள். போனால், கூட இருப்பவரைத் தனியே அழைத்து, "இந்த வாரம் எந்த நாள் நான் வரட்டும்?" என்று கேளுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், அவர்கள் சொல்ல மாட்டார்கள். நாளைக் குறித்துக்கொண்டு, அந்த நாளில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு போய் வரிசையில் நில்லுங்கள்.